யாழ்மூரியும் சாதகமும்

தமிழிலே இசைபற்றி எழுந்த இலக்கியங்களை ஒருசேர வைத்து நோக்கும் மாணவனுக்கு ஓர் உண்மை புலப்படாமற் போகாது. இசை கேட்டோரை எவ்வாறு உருக்கிற்று என்பதை நம் புலவர்கள் நிறையப் பாடியுள்ளனர். இசைவாணர் இருவர் போட்டியிட்டு ஒருவர் வென்ற கதைகளும் நம்மிடம் பல உண்டு. ஆனால், அந்த இசைவாணன் தன் கருவியோடு தனித்திருந்து, கைக்கு வராத ஓரிடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகிய நாட்களைப் பற்றி நம் இலக்கியம் அநேகமாக வாய்திறப்பதேயில்லை. வாசிக்க முடியாத இடம் ஒன்று இருந்தது. பின்னர் அது வாசிக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையில் நிகழ்ந்தது யாது என்ற வினாவுக்கு 'அருள்' என்றோ, 'பிறவி ஞானம்' என்றோ, 'பரம்பரை இரத்தம்' என்றோ விடை கூறிவிட்டுக் கதை மேலே சென்றுவிடுகிறது.

இம்மௌனத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது இலக்கியச் சுவைபற்றிய பிரச்சினை மட்டுமன்று. கலை எவ்வாறு உண்டாகிறது என்பதைப் பற்றி ஒரு சமுதாயம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் கதை, அக்கலையை யார் கற்கலாம், கற்றவனுக்கு எதன்பொருட்டு ஊதியம் அளிக்கப்படும் என்பனவற்றையும் ஓரளவு தீர்மானிக்கின்றது. ஆதலின், பயிற்சியைப் பற்றிய மௌனம் உழைப்பைப் பற்றிய மௌனமுமாகும்.

இசையுலகிலே பயிற்சிக்கு வழங்கும் பெயர் 'சாதகம்' என்பது. நாள்தோறும் நெடுநேரம் செய்யப்படும் கடும் பயிற்சியை 'அசுர சாதகம்' என்பர். இத்தொடரைச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். மனிதன் ஒருவன் தன் விரல்களாலும் மூச்சாலும் செய்த உழைப்பைப் பாராட்ட முற்படும்போது அதை மனிதனுடையது என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை; அசுரனுடையது என்கிறோம். பாராட்டுப்போலத் தோன்றும் இச்சொல், பயிற்சியையே மனித எல்லைக்கு வெளியே தள்ளிவிடுகின்றது. இணுவிலிற் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்து, ஈழத்திலும் தமிழகத்திலும் பெரும்புகழ் பெற்ற தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933-1975) அவர்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இதனைக் காணலாம். அவருடைய வாசிப்பு அதிசயமாக்கப்படுவதோடு அமையாது, அவருடைய சாதகமும் அதிசயமாக்கப்பட்டுவிடுகிறது. எத்தனை மணிநேரம் வாசித்தார் என்று வியப்போர் பலர். அந்த மணிநேரங்களில் என்ன செய்தார் என்று கேட்போர் சிலரே.

யாழ்ப்பாணர் கண்ட இடர்

கருவியிலே எளிதில் அகப்படாத இசை என்ற பொருளை நேராக எடுத்துக்கொண்ட பழைய தமிழ்க் கதை ஒன்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்திலே திருஞானசம்பந்தர் வரலாற்றில் வரும் தருமபுர நிகழ்ச்சியே அது. எருக்கத்தம்புலியூரைச் சேர்ந்த திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவியார் மதங்கசூளாமணியாரும் சம்பந்தரோடு தலங்கள்தோறும் சென்று, அவர் பாடிய பதிகங்களை யாழிலிட்டு வாசித்து வந்தனர். யாழ்ப்பாணருடைய தாயார் பிறந்த ஊராகிய தருமபுரத்தை அவர்கள் அடைந்தபோது, அங்குள்ள உறவினர்கள், பதிகத்தின் இசை உலகிற் பரவியது யாழ்ப்பாணர் அதனை யாழில் வாசித்தமையாலேயே என்று பெருமை பேசினர். அது கேட்டு மனம் வருந்திய பாணர், யாழில் அடங்காத இசையொன்றைப் பாடி உண்மையை உலகுக்கு உணர்த்துமாறு சம்பந்தரையே வேண்டினார். சம்பந்தர் பாடினார். பாணர் வாசிக்க முயன்றார், இயலவில்லை. இயலாமையால் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, இறைவன் புகழ் இக்கருவியின் அளவில் அடங்குவதன்று என்றும், கருவியில் வந்த அளவுக்கு வாசிக்கலாம் என்றும் கூறி அவரைத் தேற்றினார். அப்பதிகத்தின் பண்ணே யாழ்மூரி எனப் பெயர் பெற்றது. இன்று ஓதுவார்கள் அதனை அடாணா இராகத்திற் பாடுவது வழக்கம்.

இந்நிகழ்ச்சிக்கு மரபாகக் கூறப்படும் பொருள் யாவரும் அறிந்ததே. மிடற்றுப் பாடலின் முன் கருவி தோற்றது; அருளின் முன் திறமை தோற்றது. சேக்கிழாரின் நோக்கமும் அதுவே என்பதில் ஐயமில்லை. எனினும், ஒரு நூல் தன் ஆசிரியன் கருதியதற்கு மேலும் சிலவற்றைத் தன்னுள் வைத்திருத்தல் கூடும். அவற்றை வெளிக்கொணர்தல் திறனாய்வின் பணிகளுள் ஒன்றாகும்.

முதலாவதாக நோக்கத்தக்கது, பாணர் எந்நிலையில் நின்று இடர்ப்பட்டார் என்பதாகும். யாழ் நரம்புக்கு ஒரு சுரமாகக் கட்டி மீட்டப்படும் கருவி. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் குரலின் நெளிவுகளை அத்தகைய நரம்பிற் காட்டுதல் அரிது. இவ்வரிமையைக் கல்லாதவன் உணரமாட்டான். அவன் கருவியில் எதையோ தட்டி, அதுவே பாட்டு என்று மகிழ்ந்திருப்பான். பாடலின் ஒவ்வொரு நெளிவையும் செவியாற் பிரித்தறிந்து, அது தன் விரலிற் படவில்லை என்பதையும் அக்கணமே அறிந்தவனே யாழை உடைக்க ஓங்குவான். ஆகவே, பாணருடைய செயல் அறியாமையின் செயலன்று. மிகுந்த அறிவின் செயல். செவி அறிந்ததைக் கை எட்டாத கணத்தின் துயரம் அது.

இரண்டாவதாக, யாழ் உடைக்கப்படவில்லை என்பதை மனங்கொள்ளுதல் வேண்டும். பண்ணின் பெயரில் உள்ள மூரியை 'முறி' என்பதன் திரிபாகக் கொண்டு, யாழை முறிக்கச் செய்தமையால் வந்த பெயர் என விளக்குவோர் உளர். அவ்விளக்கத்தின்படி நோக்கினால், நடவாத ஒரு செயலின் பெயரே பண்ணுக்கு நிலைத்துவிட்டது. ஓங்கிய கையை மரபு நினைவில் வைத்துக்கொண்டது; தடுத்த சொல்லை அவ்வளவாக நினைவில் வைக்கவில்லை. 'வந்த அளவுக்கு வாசியுங்கள்' என்ற கருத்தமைந்த அச்சொல்லைச் சமயப் பொருளோடு மட்டும் நிறுத்தாது, ஓர் ஆசிரியன் மாணவனுக்குக் கூறும் சொல்லாகவும் கொண்டால், சாதகத்தின் முழு இலக்கணமும் அதனுள் அடங்கியிருத்தலைக் காணலாம். முழுவதும் வரவில்லை என்பதற்காகக் கருவியை எறியாதே. இன்று வந்த அளவை வாசி. நாளை அந்த அளவு சிறிது கூடும்.

மூன்றாவதாக, பாணர் அதன்பின்னும் சம்பந்தரைப் பிரியவில்லை. இறுதியில் நல்லூர்ப்பெருமணத்திற் சோதியிற் கலக்கும்வரை அவர் யாழோடு உடனிருந்தார் என்றே புராணம் கூறுகின்றது. ஓங்கிய கை மீண்டும் நரம்பைத் தொட்டது. ஆனால் மறுநாட் காலை அது எவ்வாறு தொட்டது என்பதைப் பற்றிச் சேக்கிழார் ஒன்றும் கூறவில்லை. நமது மௌனம் தொடங்கும் இடம் அதுவே.

கையின் சொற்கள்

இசையின் நுட்பம் சேக்கிழாருக்குத் தெரியாது என்று எவரும் சொல்லார். ஆனாய நாயனார் புராணத்தை வாசித்தோர் அதனை அறிவர். மூங்கிலைத் தேர்ந்து அரிந்து குழல் செய்யும் முறையும், அதன் துளைகளும், துளைகளின்மேல் விரல்கள் இயங்கும் வகையும் அங்கு விரிவாகப் பேசப்படுகின்றன. கொன்றை மரத்தின் கீழ் நின்று அவர் ஐந்தெழுத்தைக் குழலில் வாசிக்க, ஆநிரைகள் மேய்தல் மறந்து நிற்கின்றன. வாசிப்பின் நுட்பம் உண்டு; கேட்டோர் உருகியமை உண்டு. குழல் கையில் ஏறுவதற்கு முன்னர் கழிந்த காலம் மட்டும் இல்லை. இதனால் புலப்படுவது யாதெனின், விடுபட்டது அறியாமையால் விடுபடவில்லை. சொல்லத் தகுந்ததாகக் கருதப்படாமையால் விடுபட்டது.

பத்திமைக் காப்பியத்துக்கு முற்பட்ட சிலப்பதிகாரத்தின் நிலை வேறு. அரங்கேற்று காதையில் மாதவி ஐந்தாம் வயதிற் கற்கத் தொடங்கிப் பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள் என்ற கணக்குத் தெளிவாகத் தரப்படுகின்றது. ஏழாண்டு என்பது வெறும் எண்ணன்று. கலைக்குக் காலம் ஒரு விலையாகக் கொடுக்கப்பட்டது என்பதன் ஒப்புதல் அது. ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோர் இன்னின்ன அறிந்திருத்தல் வேண்டும் என்ற இலக்கணமும் அங்குண்டு. கானல்வரியின் தொடக்கத்திலோ, பாட்டுத் தொடங்குமுன் கை செய்யும் வேலைகள் பெயர்பெறுகின்றன. நரம்பைச் சோதித்தறிதல் 'ஆராய்தல்' எனவும், நரம்பைத் தடவிச் சுருதி கூட்டுதல் 'தைவரல்' எனவும் குறிக்கப்படும். விரல் நரம்பின்மேற் செய்யும் தொழில்களுக்கு வார்தல், வடித்தல், உருட்டல் முதலிய தனிச் சொற்கள் இருந்தன. உழைப்பின் ஒவ்வோர் அசைவுக்கும் பெயரிட்ட சமுதாயம் அவ்வுழைப்பைக் கண்ணாற் கண்ட சமுதாயமாகவே இருத்தல் வேண்டும்.

இச்சொற்களை மீட்டவர் நம்மவர் என்பது பெருமைக்குரியது. 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்பிற் பணியேற்ற விபுலாநந்த அடிகள், அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதி கூறும் பகுதியை அடியாகக் கொண்டே தமது 'யாழ் நூலை' எழுதினார். அது 1947 ஆம் ஆண்டு யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். வழக்கொழிந்த ஒரு கருவியை நூற்சான்றுகளிலிருந்தும் கணக்கிலிருந்தும் மீண்டும் கட்டியெழுப்ப முயன்ற அந்நூலும் ஒருவகையிற் சாதகத்தின் விளைவே. நரம்புக்கு நரம்பு அளவு கண்டு, ஓரிடம் ஒவ்வாதவிடத்து மீண்டும் தொடக்கத்துக்குச் செல்லும் பொறுமையின்றி அத்தகைய நூல் பிறந்திருத்தல் இயலாது.

போட்டிக் கதையும் உருக்கக் கதையும்

தற்கால இலக்கியம் இம்மௌனத்தைக் கலைத்ததா? இரு உதாரணங்களை நோக்குவோம். கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, 1968 இல் ஏ. பி. நாகராசனின் இயக்கத்திலே திரைப்படமாயிற்று. நாதஸ்வர வித்துவான் ஒருவனையும் நாட்டியக்காரி ஒருத்தியையும் தலைமக்களாக்கி, மேளக்காரர் வாழ்க்கையைப் பொதுமக்கள் முன் வைத்த வகையில் அதன் இடம் முக்கியமானது. வாணவேடிக்கையின் ஓசை இடையூறாயிற்று என்று வாசிப்பை நிறுத்திவிடும் கதாநாயகனின் தன்மானத்தை மறக்க முடியாது. எனினும், கதையை இயக்குவது போட்டி. கலை கௌரவத்தின் ஆயுதமாகின்றது. கடினமான இடத்தை அவன் வாசிப்பானா என்ற ஐயமே நமக்கு எழுவதில்லை. அவன் வாசிப்பான், ஏனெனில் அவன் கதாநாயகன். திரையிலே நாம் காணும் விரல்கள் சிவாஜி கணேசனுடையவை; நாம் கேட்கும் மூச்சு மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. இது திரைப்படக் கலையின் தேவை, குறையன்று. ஆயினும், உழைத்தவரின் மூச்சு ஒருபுறமும் மக்களின் கண் மறுபுறமுமாக நின்ற நிலைக்கு இது தானாக அமைந்த ஓர் உருவகமாகிவிட்டது.

தி. ஜானகிராமனின் 'செய்தி' என்ற சிறுகதை வேறுவகையானது. பழைய ஒழுங்கில் நிற்கும் நாதஸ்வர வித்துவானுக்கும் காலத்தின் சுவையை நாடும் மகனுக்குமிடையே மனத்தாங்கல் உண்டு. மேனாட்டு இசையறிஞர் ஒருவர் முன் தந்தை சாமா இராகக் கீர்த்தனையை வாசிக்க, மொழியும் மரபும் அறியாத அம்மனிதர் அதில் அமைதியின் செய்தியைக் கேட்டு உருகுகிறார். சிறந்த கதை என்பதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் இதுவும் கேட்டலின் கதையே, வாசித்தலின் கதையன்று. ஆநிரைகள் மேய்தல் மறந்த இடத்தில் மேனாட்டறிஞர் தம்மை மறக்கிறார். நூற்றாண்டுகள் பல கடந்தும் உருக்கத்தின் அமைப்பு ஏறத்தாழ அதுவே.

அதே ஆசிரியரின் 'மோகமுள்' ஓரளவு விலக்காகும். குரலைப் பண்படுத்தும் பயிற்சியை அந்நாவல் கதாநாயகனின் தலையாய பிரச்சினைகளுள் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. எனினும் அது வாய்ப்பாட்டைப் பற்றியது. குரல் உடலுக்குள் இருப்பது. அதன் பயிற்சியை மனத்தின் தவமாகச் சித்திரித்தல் எளிது. கருவியோ உடலுக்கு வெளியே நிற்கும் பொருள். மரமும் நரம்பும் தோலும் மனிதனின் விருப்பத்துக்கு உடனே இணங்குவதில்லை. அந்த இணங்காமையோடு நாள்தோறும் பொருதும் கைத்தொழிலாளனாகக் கலைஞனைக் காட்டும் புனைகதை நமக்கு இன்னும் போதிய அளவு வாய்க்கவில்லை.

மல்லாரி என்னும் சான்று

சாதகம் என்பது யாது என்பதை ஓர் உதாரணத்தால் தெளிவாக்குதல் நலம். கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் கோயிலிலோ, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கோயில்களிலோ திருவிழாக் காலத்திற் சுவாமி புறப்படும்போது மேளக்காரர் மல்லாரி வாசிக்கக் கேட்டிருப்போம். பெரும்பாலும் கம்பீரநாட்டை இராகத்தில் அமைவது அது. அதற்குச் சாகித்தியம் இல்லை. சொல்லின் துணையின்றிச் சுரமும் தாளமுமே நடக்கும். அவ்விராகத்தில் ஐந்து சுரங்களே உண்டு. ஆதலால் விரல் படிப்படியாக ஏறாமல், ஷட்ஜத்திலிருந்து காந்தாரத்துக்கும் பஞ்சமத்திலிருந்து நிஷாதத்துக்கும் தாவுதல் வேண்டும். ஒரே உருப்படியை முதலில் விளம்ப காலத்திலும், பின்னர் அதன் இரட்டித்த வேகத்திலும், அதன் பின்னர் அதனினும் இரட்டித்த வேகத்திலும் வாசிப்பர், திசிரத்திலும் வாசிப்பர். தாளம் மாறுவதில்லை. ஓர் அட்சரத்துக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்று அமைந்த சுரக்கணக்கு திடீரென மூன்றாக மாறும்போது, கை முன்பழகிய வழியிலேயே ஓடப் பார்க்கும். அதனைத் தடுத்து மூன்றில் நிறுத்துதல் பயிலாதவனால் ஆகாது.

மூன்றாங் காலத்திற் சிக்கும் ஓரிடத்தை மாணவன் எவ்வாறு தன்வயமாக்குகிறான்? வேகமாகப் பலமுறை வாசித்தன்று. வேகத்திற் செய்த பிழையையும் கை உண்மையாகவே நம்பிப் பழகிவிடும். கைக்குச் சரி பிழை தெரியாது, வழக்கம் மட்டுமே தெரியும். ஆகவே, சிக்கும் இடத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, பிழை நேரமுடியாத அளவு மெதுவாக வாசித்தல் வேண்டும். பின்னர் ஒரு துண்டின் வாலையும் மறுதுண்டின் தலையையும் இணைக்கும் கண்ணியைத் தனியே எடுத்துப் பழகுதல் வேண்டும். ஏனெனில் இடர் பெரும்பாலும் துண்டில் இருப்பதில்லை, இணைப்பிலேயே இருக்கும். நாதஸ்வரமாயின் மூச்சை எங்கே வாங்குவது என்பதும் இப்போதே முடிவாக வேண்டும். சீவாளியில் உதட்டின் அழுத்தம் சிறிது மாறினும் சுரம் விலகும். தவில் மாணவன் கருவியைத் தொடுமுன் கல்லிலோ மரக்கட்டையிலோ தட்டிப் பழகுவதும் இக்காரணம் பற்றியதே. ஓசையின் இனிமையால் மயங்காது, அடியின் ஒழுங்கை மட்டும் கேட்கச் செவி அங்கே கற்கின்றது.

இப்பயிற்சியில் மூன்று நிலைகளை வேறுபிரித்துக் காணலாம். முதல் நிலையில் மாணவன் தன் பிழையைக் கேட்பதில்லை. இரண்டாம் நிலையிற் கேட்கிறான், ஆனால் திருத்த முடிவதில்லை. மூன்றாம் நிலையிற் கை செவிக்குக் கீழ்ப்படிகிறது. இவற்றுள் துன்பம் மிகுந்தது இடைநிலையே. முன்னர் இருந்ததைவிடத் தான் தாழ்ந்துவிட்டதாகவே மாணவன் எண்ணுவான். உண்மையில் அவன் செவி வளர்ந்துவிட்டது; கை இன்னும் வளரவில்லை. கருவியைக் கைவிடுவோரிற் பலர் இந்நிலையிலேயே கைவிடுகின்றனர். தருமபுரத்தில் யாழ்ப்பாணர் நின்ற நிலையும் இதுவே. அவரிடம் வளர்ச்சி நின்றுவிட்டமையால் அன்று, வளர்ச்சி செவியில் முந்திவிட்டமையாலேயே அவர் கை ஓங்கியது. அக்கதையைத் தோல்வியின் கதையாகவன்றிப் பயிற்சியின் இடைநிலையைக் காட்டும் கதையாக வாசித்தல் இயலும் என்று நாம் கூறுவதன் காரணம் இதுவேயாகும்.

இங்கே மற்றோர் உண்மையும் கவனத்துக்குரியது. மெதுவாகத் தொடங்கி இரட்டித்துச் செல்லும் மல்லாரியின் அமைப்பு, வீட்டிற் பயிலும் முறையின் அமைப்பேயன்றி வேறன்று. சரளி வரிசை, சண்டை வரிசை, அலங்காரம் என்று மாயாமாளவகௌளையில் மூன்று காலத்திலும் பழகும் சிறுவனின் ஏணியே வீதியுலாவில் விழாக்கோலம் பூண்டு வருகிறது. வர்ணமும் அத்தகையதே. விரலையும் குரலையும் பயிற்றுவதற்கென அமைந்த உருப்படி அது. கச்சேரியின் தொடக்கத்திலும் அதுவே இடம்பெறுகிறது. மேனாட்டிலும், பயிற்சிக்கான உருப்படி அரங்கேறியமைக்கு 1833 இல் வெளிவந்த ஷோபேனின் பியானோப் பயிற்சிகள் சான்றாகும். 1890 இல் பார்சலோனாவிற் பாக்கின் செல்லோத் தொகுப்புகளைக் கண்டெடுத்த சிறுவன் பாப்லோ கசால்ஸ், அவற்றைப் பன்னிரண்டு ஆண்டுகள் பழகிய பின்னரே சபையில் வாசிக்கத் துணிந்தார் என்பதை மேனாட்டார் வெட்கத்தோடன்றிப் பெருமையோடு கூறுவர். நம் இசையும் தன் உழைப்பை மறைக்கவில்லை. வீதியிலேயே நிகழ்த்திக் காட்டுகிறது. மறைத்தது நம் இலக்கியமே.

எதிர்வாதமும் சமுதாயமும்

பயிற்சி சலிப்பூட்டுவது, திரும்பத் திரும்ப நிகழ்வது, அதனைக் கதையாக்குதல் எவ்வாறு என்று சிலர் வினவக்கூடும். இலக்கியம் இசைப்பாடநூலாதல் வேண்டுமா என்றும் கேட்கலாம். வேண்டியதில்லை. ஆனால், உழவனின் நாளும் கடற்றொழிலாளியின் இரவும் தோட்டத் தொழிலாளியின் காலையும் திரும்பத் திரும்ப நிகழ்வனவே. ஈழத்து எழுத்தாளர் அவற்றைக் கதையாக்கியுள்ளனர். அவ்வுழைப்பு இலக்கியத்துக்கு உரிய பொருளென்று ஏற்றுக்கொள்ளப்பட்டபின், கலைஞனின் உழைப்பு மட்டும் எவ்வாறு விலக்காகும்? சலிப்பு என்பது பொருளின் இயல்பன்று. நோக்குவோனின் தூரத்தால் வருவது. ஒரே இடத்தை நூறாம் முறை வாசிப்பவனுக்கு அது நூறு வெவ்வேறு முறைகளாகவே படும்.

இம்மௌனத்தின் சமுதாய விளைவு இருவகைப்படும். நாதஸ்வரத்தையும் தவிலையும் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பங்களைச் சேர்ந்தோரைப் 'பரம்பரை இரத்தம்' என்று புகழ்வது, அவர்கள் விடியுமுன் எழுந்து செய்த வேலையை இல்லாததாக்கிவிடுகிறது. இரத்தத்தில் ஊறியதற்கு யார் கூலி கொடுப்பார்? திருவிழாவில் வாசித்த சில மணிநேரத்துக்கே ஊதியம். அதற்குப் பின்னாலுள்ள ஆண்டுகள் கணக்கில் வருவதில்லை. புகழ்மொழியே சுரண்டலுக்குத் துணைபோகும் விந்தை இது. மறுபுறம், அத்தகைய குடும்பத்திற் பிறவாத மாணவனிடம், 'இது உனக்கு வராது' என்று அதே சொல் கூறிவிடுகிறது. ஒருவனிடமிருந்து உழைப்பின் மதிப்பையும் மற்றவனிடமிருந்து உழைக்கும் துணிவையும் அச்சொல் ஒருங்கே பறிக்கின்றது.

கருவியைப் பழகுவதற்குக் காலம் மட்டுமன்றி இடமும் வேண்டும் என்பதை நகர வாழ்க்கை தெளிவாகக் காட்டுகின்றது. களனி கங்கையின் வடகரையிலுள்ள நமது பேலியகொடையை எடுத்துக்கொள்வோம். 1875 இல் நிறுவப்பட்ட வித்தியாலங்காரப் பிரிவெனாவால் கல்வியுலகில் அறியப்பட்ட ஊர் இது. புறக்கோட்டையில் இருந்த மத்திய மீன் சந்தை 2011 இல் இங்கு மாற்றப்பட்டபின் இரவிலும் ஓயாத ஊராகிவிட்டது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வாழும் மாணவனுக்கு முற்றமில்லை, பின்வளவில்லை. மீன் லொறிகளின் இரைச்சலோடு உறங்கப் பழகிய அயலவர், ஒரே சுர வரிசையை அரைமணி நேரம் கேட்கப் பழகவில்லை. ஏட்டை வைத்து உரத்து மனனஞ்செய்யும் பிள்ளையைக் கண்டு எவரும் முகஞ்சுளிப்பதில்லை, அது படிப்பு. கருவியிற் செய்யும் மனனமோ தொல்லை. அரங்கில் முழுமையாக வந்த இசையைக் கேட்கவே நாம் பயிற்றப்பட்டுள்ளோம். முழுமையை நோக்கிச் செல்லும் இசையைக் கேட்க இலக்கியமும் நமக்குக் கற்பிக்கவில்லை, வாழ்க்கையும் கற்பிக்கவில்லை.

இவ்விடத்து நிறுவனங்களின் பங்கையும் குறிப்பிடுதல் தகும். 1931 இல் உருவாகிய வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளும், 1960 இல் மருதனார்மடத்தில் தொடங்கப்பட்டுப் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் இசைக் கல்லூரியும், குடும்பத்துக்குள் நின்ற சாதகத்தைக் குடும்பத்துக்கு வெளியே கொண்டுவர வழிசெய்தன. பிறப்பைக் கேளாது, வாசிப்பைக் கேட்கும் பரீட்சை ஒரு சனநாயகச் செயலே. ஆயினும், பரீட்சை கேட்பது வாசித்து முடிந்ததை. பழகிய வழியை அன்று. ஆகவே, நிறுவனம் வாயிலைத் திறந்தாலும், உள்ளே நடப்பதைச் சொல்லும் சொற்கள் இன்னும் குறைவாகவே உள்ளன.

அச்சொற்களைத் தேடுதல் தமிழ் பயிலும் நம் போன்ற மாணவரின் பணியாகும். சிலப்பதிகாரத்தில் கையின் தொழில்களுக்கிருந்த பெயர்களைப் பரீட்சைக்காக மனனஞ்செய்துவிட்டு மறப்பதிற் பயனில்லை. இன்று தவிற்காரர் வீட்டிலும் வீணை ஆசிரியை வீட்டிலும் அத்தொழில்களுக்கு வழங்கும் சொற்கள் யாவை என்று கேட்டு எழுதுதல் வேண்டும். கலைஞரின் வாழ்க்கை வரலாறு எழுதுவோர் பட்டங்களின் வரிசையோடு நில்லாது, எந்த இடம் அவருக்கு இடர் தந்தது, அதனை எவ்வாறு கடந்தார் என்பதையும் கேட்டறிதல் வேண்டும். முதியோர் மறைந்தபின் அக்கேள்விக்கு விடை கூற எவரும் இரார்.

யாழ்மூரி பற்றிய நம் வாசிப்பு சேக்கிழாரின் பத்திமையை மறுப்பதற்கன்று. அவர் காட்டிய ஓங்கிய கையை நாமும் காண்கிறோம். தடுத்த கையையும் காண்கிறோம். இவ்விரண்டோடு, மறுநாட் காலையில் நரம்பைச் சீர்செய்து, வந்த அளவிலிருந்து மீண்டும் தொடங்கிய கையையும் காணுதல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். அக்கையை எழுதத் தொடங்கும்போதுதான் தமிழ் இலக்கியம் தன் இசையை முழுமையாகக் கேட்டதாகும்.